அடிபடாத வண்டி

என் அக்கா புருஷனுக்கு எங்கள் தெருவில் பெயர் தூசி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, ஆனால் அது டிரைவிங் லைசென்ஸைத் தாண்டி வெளியே வந்ததில்லை. எந்த நேரமும் கையில் ஒரு மஞ்சள் துணி வைத்திருப்பார். பேசிக்கொண்டே எதிரில் இருப்பதைத் துடைப்பார். டீக்கடை பெஞ்சைத் துடைப்பார், என் ஸ்கூட்டரைத் துடைப்பார், ஒரு தடவை நான் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது என் சட்டைப் பொத்தானைத் துடைத்தார். கல்யாணமான புதிதில் வீட்டில் தனக்கு வேலையே இல்லை என்று அக்கா பெருமையடித்துக்கொண்டாள். போகப் போக, "இந்த மனுஷன் துடைக்கிறதுக்கு நடுவுல உக்கார இடம் தேட வேண்டியிருக்கு" என்று அலுத்துக்கொண்டாள்.

நான் பழைய கார் தரகன். அதிலும் பெரிய கம்பெனிகளின் நீளமான வண்டிகள்தான் என் பிழைப்பு. விற்க வருகிறவன் தன் வண்டி தங்கம் என்பான், வாங்க வருகிறவன் அது தகரம் என்பான், கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திருடன் என்பார்கள். இதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் அத்தான் வண்டி விஷயத்தில் ஊர் பேசுகிற பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. பேராசைப்பட்டுக் காத்திருந்து கோட்டை விட்டான் என்கிறார்கள். கூட இருந்து பார்த்தவன் நான். பேசுகிறவர்களில் ஒருவன்கூட அந்த வண்டிக் கதவைத் தொட்டவன் இல்லை.

அத்தான் வேலை பார்த்தது ஒரு டைல்ஸ் வியாபாரியிடம். மீசை கறுப்பாக இருந்தபோது சேர்ந்தவர், நரைத்த பிறகும் அதே முதலாளிக்குத்தான் ஓட்டினார். நடுவில் வண்டிகள் மாறின, கடைசியாக வந்தது ஒரு கருநீல வண்டி. கதவைச் சாத்தினால் சத்தம் வெளியே வராது. பின் சீட்டில் உட்கார்ந்தால் முட்டிக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் ஒரு குழந்தையைப் படுக்க வைக்கலாம். அதை முதலாளி வாங்கிய விலையில் எங்கள் தெருவில் நாலு வீடு வாங்கியிருக்கலாம். நான் சும்மா சொல்லவில்லை, அன்றைக்கே கணக்குப் போட்டுப் பார்த்து வயிறெரிந்தவன்.

அந்த வண்டியில் ஒரு கீறல் விழ அவர் விட்டதில்லை. தெரியாத தெருவுக்குள் போக வேண்டுமென்றால் முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, முதலில் தான் நடந்து போய் அகலம் பார்த்துவிட்டு வருவார். அதுவரை முதலாளி பின் சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிப்பாராம். வேறு முதலாளியாக இருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார். இவர் பொறுமைசாலி, அல்லது இவருக்கும் உயிர்மேல் ஆசை இருந்திருக்கும். போலீஸ் அபராதம் கிடையாது, இன்ஷூரன்ஸில் ஒரு பைசா கேட்டது கிடையாது. "விபத்துன்னா என்னன்னு நான் பேப்பர்ல படிச்சதுதான் மாப்ள" என்று அத்தான் என்னிடம் சொல்வார். தற்பெருமையாகப் பேசத் தெரியாத மனுஷனுக்கு அது ஒன்றுதான் பெருமை.

பிறகு சர்க்கரை கண்ணில் ஏறியது. இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே நேராகப் போய் முதலாளியிடம் சாவியை நீட்டினார். வேறு யாராவது என்றால் தெரிகிற வரைக்கும் ஓட்டியிருப்பான். "செய்ய வேண்டியதை நான் செய்யறேன், கவலைப்படாதே" என்றார் முதலாளி. அடுத்த மாதமே படுத்தார், எழுந்திருக்கவில்லை. செய்ய வேண்டியது என்ன என்பது அவரோடு போய்விட்டது.

மகன் நல்ல பையன்தான், நான் குறை சொல்ல மாட்டேன். கடையில் கடன்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தானை உள்ளே கூப்பிட்டு, டைல்ஸ் மாதிரிகள் அடுக்கியிருந்த மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னான். கூடப் போயிருந்த நானும் கேட்டேன்.

"அண்ணே, உங்களுக்கு அப்பா ஒரு பெரிய தொகை கொடுக்கணும்னு சொல்லியிருக்காரு. எனக்குத் தெரியும். ஆனா இப்ப கையில பணமா இல்ல. அந்த நீல வண்டியை நீங்களே எடுத்துக்கங்க. வித்தா அப்பா சொன்னதுக்குக் கூடவே வரும்."

அன்றைய நிலவரத்துக்கு அது சத்தியமான வார்த்தை. அத்தான் என் முகத்தைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன்.

இந்த இடத்தில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவும் அத்தானும் பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, வெளியூருக்கு அனுப்பியதெல்லாம் ஒரே வாடகை வீட்டில். முன்பக்கம் ஒரு அறை, நடுவில் ஒரு அறை, பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் துணி காய வைக்க ஒரு துண்டு இடம். முன் அறை ஜன்னல் ஓரத்தில் அக்காவின் இரண்டு தையல் மெஷின்கள். அந்த ஜன்னல் வெளிச்சத்தில் தைத்துத்தான் அவள் வாடிக்கை பிடித்தாள். தையல்காரம்மா வீடு எது என்று கேட்டால் பஸ்ஸில் வருகிறவர்கள்கூடக் கை காட்டுவார்கள். வீட்டுக்காரம்மா வயதாகி மகளோடு போய் இருக்க முடிவு பண்ணி, வீட்டை விற்கப் போவதாகச் சொன்னாள். "வெளியாளுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி உன்னைக் கேக்கறேன். முடியுமா பாரு" என்று அக்காவிடம்தான் முதலில் கேட்டாள். அக்கா அவ்வளவு நாளில் தனக்கென்று கேட்டு நான் பார்த்தது அந்த வீடு ஒன்றைத்தான்.

"டேய், அந்த வண்டி எவ்வளவு போகும்?" என்று அக்கா கேட்டாள்.

"இந்த வீடு வரும். பத்திரச் செலவுக்கும் கொஞ்சம் மிஞ்சும்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு நூல் கோக்கிற மாதிரி குனிந்தாள். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

அன்றைக்கே விற்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வண்டி கம்பெனி பெயரில் இருந்தது. அதில் மகனுக்கும் அவன் அக்காவுக்கும் பங்கு. அந்த அம்மாள் கடல் தாண்டி இருந்தாள். அவள் கையெழுத்து போட்டு அனுப்பிய காகிதத்தில் முத்திரை சரியில்லை என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் திருப்பிவிட்டார்கள். திரும்ப அனுப்பினாள், அதற்குள் இங்கே படிவம் மாறியிருந்தது. அத்தான் காலையில் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போவார், மத்தியானம் வேர்வையோடு வருவார். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

வண்டியோ வீட்டு வாசலில் நின்றது. நிற்கிற வண்டிக்கு என்ன கேடு என்று கேட்பீர்கள். சாதாரணச் சின்ன வண்டிக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. எத்தனை வருஷம் ஆனாலும் அதை வாங்க ஒரு வாத்தியாரோ ஒரு கடைக்காரரோ இருப்பார். பெரிய வண்டியின் சங்கதி வேறு. அதை வாங்க வசதி இருக்கிறவனுக்குப் பழசு பிடிக்காது. பழசு போதும் என்று நினைக்கிறவனுக்கு அதைக் கட்டித் தீனி போட முடியாது. வண்டி விலை பாதிக்குப் பாதி இறங்கினாலும், உள்ளே ஒரு சாமான் போனால் கம்பெனிக்காரன் புது வண்டி விலைக்குத்தான் கொடுப்பான். அதனால்தான் இந்த வண்டிகள் கடையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து மலையிலிருந்து உருண்ட கல்லாகக் கீழே போகின்றன. ஓட்டினாலும் இறங்கும், ஓட்டாவிட்டாலும் இறங்கும்.

இதை அத்தானிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் மாப்ள. பெரிய வண்டி பெரிய வண்டிதான்."

"அது யானைக்குச் சொன்னது அத்தான். இது இருந்தா தீனி, செத்தா பழைய இரும்புக் கடை."

அவர் துணியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அக்கா மட்டும் நான் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டாள். வாரக் கடைசியில் நான் சந்தை நிலவரத்தோடு போகும்போது விலை கேட்க மாட்டாள். "இந்த வாரம் எந்த ரூம் போச்சுடா?" என்பாள். முதலில் பத்திரச் செலவு போனது. பிறகு துணி காயப் போடுகிற இடம் போனது. அதே வருஷம் அந்த வண்டியின் புது மாடல் வந்தது. விளக்கு கொஞ்சம் சப்பையாகிவிட்டது, முன்முகம் கொஞ்சம் அகலமாகிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே நாளில் பழைய மாடல் எல்லாம் தாத்தா ஆகிவிட்டது. அன்றைக்குச் சமையலறை மொத்தமாகப் போயிற்று. அக்கா சிரித்தாள், "நல்லதாப் போச்சு, இனிமே சமைக்க வேண்டாம்" என்றாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து என் பெண்டாட்டியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

ஒருவழியாகக் காகிதம் அத்தான் பெயருக்கு மாறியது. அப்போதும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. இரண்டு அறை அளவுக்கு விலை நின்றது. மீதிக்குக் கடன் வாங்கலாம், அக்காவின் தையல் வருமானத்தைப் பார்த்துக் கொடுக்க ஒரு கடன் சங்கம் தயாராக இருந்தது. எனக்கு அந்தச் சமயம் வெளியூரில் ஏல வேலை. "ரெண்டு வாரத்துல வந்துடுவேன். நல்ல ஆள் ஒருத்தரைப் பிடிச்சு வெச்சிருக்கேன். வண்டி அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அப்படியே இருக்கட்டும் என்றால் தூசி அத்தானுக்கு என்ன அர்த்தம் ஆகும் என்று யோசிக்காமல் போனேன்.

வண்டி தெருவில் நின்றதில் மேலே நுண்ணிய கோடுகள் விழுந்திருந்தன. வெயிலுக்குப் போட்டிருந்த மூடுதுணிக்கும் தகட்டுக்கும் நடுவில் மணல் போய், காற்றில் துணி ஆட ஆட தேய்த்துவிட்டது. ஒரு சைக்கிள்காரன் கைப்பிடியால் கதவில் ஒரு இழு இழுத்துவிட்டுப் போயிருந்தான். வாங்க வருகிறவன் இதற்கெல்லாம் பேரம் பேசி ஏதோ கொஞ்சம் குறைப்பான், நானும் பேசிச் சரிக்கட்டிவிடுவேன். பழைய வண்டியில் கோடு இருப்பது வழக்கம். ஆனால் கண் மங்கிப்போன அந்த மனுஷன் அந்தக் கோடுகளை விரலால் தடவித் தடவிப் பார்த்திருக்கிறார். முதலாளி வண்டியை இந்தக் கோலத்தில் ஒருத்தனுக்குக் காட்டுவதா என்று அவருக்கு மனசு கேட்கவில்லை.

அவருக்குப் பழைய சிநேகிதர் ஒருவர் கார் பெயிண்டர். கைவேலைக்காரர், அவசரப்படாதவர். இரண்டு பேரும் சேர்ந்து வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய், பழைய பெயிண்ட்டை லேசாகத் தேய்த்து, அதே கருநீலத்தை மேலே அடித்திருக்கிறார்கள். கதவு, பானெட், பின் மூடி, கூரை, ஒன்று விடாமல். பெயிண்டர் கூலி வாங்கவில்லை. பெயிண்ட் வாங்கிய பணம் ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை தைப்பதற்கு அக்கா வாங்கிய முன்பணம்.

நான் திரும்பி வந்து தெரு முனையில் திரும்பும்போதே பார்த்துவிட்டேன். வண்டியில் எதிர்வீட்டு ஜன்னல் கம்பி தெளிவாகத் தெரிந்தது. என் ஆயுளில் அவ்வளவு நல்ல பெயிண்ட் வேலை பார்த்ததில்லை.

அத்தான் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எனக்காகவே நின்றிருந்தார் போலிருக்கிறது.

"எப்படி இருக்கு மாப்ள?"

"முழுசா அடிச்சீங்களா?"

"முழுசா. கூரையைக்கூட விடல."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா சந்தோஷமாகத் தண்ணீர் கொண்டுவந்தவள் என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். உள்ளதைச் சொன்னேன். எங்கள் தொழிலில் பெயிண்ட் மீட்டர் என்று ஒன்று இருக்கிறது. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். தகட்டின்மேல் வைத்தால் பெயிண்ட் எவ்வளவு தடிமன் என்று காட்டும். கம்பெனியில் அடித்த பெயிண்ட் மெல்லிசு. மேலே இன்னொரு தடவை அடித்தால் எண் எகிறும். எகிறினால் ஒரே அர்த்தம்தான், வண்டி அடிபட்டிருக்கிறது, மறைக்கப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

"அடிபடலையே" என்றார் அத்தான்.

"எனக்குத் தெரியும்."

"அடிபட்டாத்தானே மறைக்கணும்? இது சும்மா சுத்தமா இருக்கணும்னு அடிச்சது."

"அத்தான், கோட்டோட இருந்தா அது நம்பிக்கையான வண்டி. பளபளன்னு இருந்தா சந்தேகக் கேஸ். எங்க தொழில் அப்படி."

"அழுக்கா இருந்தா விலை, சுத்தமா இருந்தா விலை இல்லையா?"

இந்தத் தொழிலில் நான் வைத்த சட்டம் ஒன்றுகூடக் கிடையாது. அவர் "இதைச் சுரண்டி எடுத்துட முடியுமா?" என்று கேட்டார். முடியாது, கீழே இருந்த பழைய பெயிண்ட்டையும் தேய்த்துவிட்டார்கள் என்று சொன்னேன். அக்கா தண்ணீரை அவரிடமே கொடுத்தாள்.

நான் பிடித்து வைத்திருந்த ஆள் ஒரு தோல் டாக்டர். வந்தார், சுற்றினார், மயங்கினார். பிறகு அவரோடு வந்த மெக்கானிக் மீட்டரை எடுத்தான். ஒவ்வொரு இடமாக வைத்து எண்ணைச் சத்தமாகப் படித்தான். டாக்டர் முகம் மாறிவிட்டது. ஆனாலும் நல்ல மனுஷன், விலையைக் குறைத்தாவது எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். அத்தானைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார்: "எங்க கொண்டுபோய் இடிச்சீங்க பெரியவரே? உண்மையைச் சொல்லிடுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அத்தான் டாக்டர் கையிலிருந்த சாவியை மெதுவாக வாங்கிக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றைக்கு நான் அவரோடு சண்டை போட்டேன். தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினேன். "ஆமா, இடிச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துடுமா? அக்கா கடன் போட்டாவது வீட்டை வாங்கியிருப்பா இல்ல?"

"இடிக்கலையே மாப்ள."

"இடிக்கலைங்கறது யாருக்கு வேணும்?"

"எனக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் புது பெயிண்ட்மேல் ஒரு ஆணியை எடுத்துக் கிழித்திருப்பேன். அக்கா வந்து என் கையைப் பிடித்து வெளியே அனுப்பினாள். அவள் யார் பக்கம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் மீட்டரோடு வந்தார்கள், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். சேதி சந்தை முழுக்கப் பரவிவிட்டது. நீல வண்டி என்றாலே, "அதுவா, முழு பெயிண்ட் வண்டியா" என்று சிரித்தார்கள். நடு அறையும் போயிற்று. நின்று நின்று பேட்டரி செத்தது. பிறகு ஒரு நாள் காலை வண்டி பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்திருந்தது. இந்த வண்டிகள் காற்றுப் பைமேல் நிற்பவை, அதில் ஒன்று ஓட்டையாகிவிட்டது. புதுசு மாற்றினால் அக்காவின் இரண்டு மெஷின்களையும் விற்க வேண்டும். பெயிண்டர்தான் எங்கிருந்தோ பழசு ஒன்று கொண்டுவந்து மாட்டினார், அவருக்கும் தூக்கம் போயிருந்தது. இந்தச் சமயத்தில் வீட்டுக்காரம்மா வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "என்னால முடிஞ்சவரைக்கும் பொறுத்துட்டேன்மா. வெளியாள் ஒருத்தர் முழுப்பணத்தோட வரப்போறாரு. திங்கக்கிழமைக்குள்ள முன்பணமாவது கொடு, அவரை நிறுத்தி வைக்கறேன்."

முன்பணம் என்பது முன் அறை அளவு, மீதிக்குச் சங்கத்துக் கடன். வண்டியில் அவ்வளவுதான் மிச்சம் இருந்தது.

வண்டியைப் பார்த்த இடத்திலேயே பணம் கொடுக்கிற கம்பெனி ஒன்று உண்டு. எங்கும் விலை போகாததுதான் அங்கே போகும். சனிக்கிழமை காலை அங்கே போனோம். வண்டியை நான் ஓட்டினேன், அத்தான் பக்கத்தில், அக்கா பின்னால். பெரிய கண்ணாடிக் கூடம், குளிர் தாங்கவில்லை, சுவர் முழுக்கச் சிரிக்கிற குடும்பங்களின் படம். அங்கே பரிசோதகர் எனக்குத் தெரிந்தவர், ஒரு காலத்தில் என்னோடு சந்தையில் நின்றவர். வண்டியை மேலே தூக்கி அடியெல்லாம் பார்த்தார், பானெட்டைத் திறந்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு எங்களை மேசைக்குக் கூப்பிட்டார்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல. ஒரு போல்ட்டுகூடத் திருகினது இல்ல. அடிபடாத வண்டி, எனக்குத் தெரியுது" என்றார்.

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனையோ மாதத்தில் முதல் தடவையாக ஒருத்தர் அதைச் சொன்னார்.

"ஆனா நான் சொல்றது செல்லாது. மீட்டர் எண்ணைப் போட்டதும் கம்ப்யூட்டர் காரணம் கேக்குது. முழு பெயிண்ட் எதுக்கு அடிச்சீங்கன்னு சொல்லாம அடுத்த பக்கம் போகாது."

"என்ன காரணம் வேணும்?" என்றேன்.

"நாலுதான் இருக்கு. விபத்து, வெள்ளம், தீ, நிறம் மாத்தினது."

"நிறம் மாறலையே" என்றார் அத்தான்.

"அழகா இருக்கட்டும்னு அடிச்சது இல்லையா அதுல?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லைங்கம்மா." அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக்கூடக் காட்டினார். "நிறம்னா ஆர்.சி. புக்குல பழைய நிறம் வேறயா இருக்கணும். தீன்னா நாங்க எடுக்கவே மாட்டோம். வெள்ளம்னா உடைக்கிற விலைதான். விபத்துன்னு போட்டா..." என்று ஒரு தொகையைச் சொன்னார். நான் அக்காவைப் பார்த்தேன். சரியாக முன்பணம்.

அக்கா அத்தான் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு வேண்டாம்னா எந்திரிங்க, போயிடலாம். வேற வீடு பாத்துக்கலாம்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அதுதான் அவரை அடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"விபத்துன்னே போடுங்க" என்றார்.

பரிசோதகர் தட்டினார். அடுத்த பக்கம் வந்தது. விபத்து எப்படி நடந்தது என்று விவரம் கேட்டது. அத்தான் மேசையைத் துடைத்தார். அக்காதான் ஆரம்பித்தாள். "பின்னாடி எடுக்கும்போது சுவத்துல இடிச்சிடுச்சுன்னு போடுங்க."

"சுவத்துல இடிச்சா பின்பக்கம்தாம்மா அடிபடும். இது நாலு பக்கமும் பெயிண்ட் அடிச்சிருக்கு. கூரை வேற." பரிசோதகர் என்னைப் பார்த்தார். "கூரை அடிபடணும்னா வண்டி உருண்டிருக்கணும்."

"உருண்டுச்சுன்னே போடுங்க" என்றேன் நான். "வேகமா போய்த் திருப்பத்துல உருண்டுச்சு."

"அப்படி உருளாது மாப்ள" என்றார் அத்தான். அவரையும் மீறி வந்துவிட்டது. "இந்த வண்டி திருப்பத்துல உருளாது. வேகத்தை அதுவாவே பிடிச்சிடும்."

"மழையில வழுக்கிச்சுன்னு போடலாமா?" அக்கா கேட்டாள்.

"மழையில நான் வேகமாப் போக மாட்டேனே."

நாங்கள் மூன்று பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உருளாத வண்டியை உருட்ட வேண்டும், அதுவும் அதை உருள விடாத ஆளே வந்து உருட்ட வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து மேசைக்காரன் தன் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் போட்டுக் கொடுக்கச் சொல்லி வாதாடிக்கொண்டிருந்தான்.

அத்தான் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "வண்டி மேல தப்பு இல்ல. ரோடும் நல்லா இருந்துச்சு. டிரைவருக்குக் கண்ணு சரியில்ல, பள்ளத்தைப் பாக்கல, ஓரத்துல இறங்கி உருண்டுடுச்சு. டிரைவர் தப்புன்னு போட்டுக்கங்க."

பரிசோதகர் அதை அப்படியே அடித்தார். காகிதம் வெளியே வந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டி, பேனாவை நீட்டினார். அத்தான் வாங்கவில்லை.

"அப்ப வண்டியில முதலாளி இல்லைன்னு எழுதுங்க."

"அதெல்லாம் இதுல கேக்கலீங்க."

"கேக்கலன்னாலும் எழுதுங்க. வண்டியில முதலாளி இல்ல. நான் மட்டும்தான் இருந்தேன்."

பரிசோதகர் காகிதத்தைத் திருப்பித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, ஓரத்தில் கையாலேயே எழுதினார். அக்கா அதைப் படித்துக் காட்டிய பிறகுதான் அத்தான் பேனாவை வாங்கினார்.